நூறு மில்லிசெகண்ட் போதுமா?

வணக்கம் சார்,

லினக்ஸுக்கு ஒரு டிரைவர் மாட்யூல் (இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய கோட்) எழுதியிருக்கிறேன். அதில் ஒரு கெர்னல் த்ரெட், வரிசையில் வந்து சேரும் வேலைகளைப் பின்னணியில் முடித்துக்கொண்டிருக்கும். மாட்யூலை இறக்கும்போது ‘நில்’ என்று ஒரு ஃப்ளாக்கை வைத்துவிட்டு 100 மில்லிசெகண்ட் காத்திருக்கிறேன். பெரும்பாலும் சரியாகப் போகிறது. எப்போதாவது மெஷினே படுத்துவிடுகிறது. நேரத்தைக் கூட்டினால் தீருமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தீராது. இன்று வாரம் ஒருமுறை விழுவது, கூட்டினால் மாதம் ஒருமுறை விழும். அப்புறம் பிடிப்பது இன்னும் சிரமம்.

த்ரெட் ஓட்டும் கோடே உங்கள் மாட்யூலின் மெமரியில்தான் இருக்கிறது. மாட்யூலை இறக்கும் ஆர்எம்மாட் கட்டளை அதைத் திருப்பி எடுத்த பிறகு ஒரே ஒரு வரி ஓட மிச்சமிருந்தாலும் போதும், கதை முடிந்தது. வலுக்கட்டாயமாகக் கொல்லும் சிக்னலான கில் மைனஸ் 9 அடித்தும் பயனில்லை. கெர்னல் த்ரெட்டுகள் இயல்பாகவே சிக்னல்களைக் கண்டுகொள்வதில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். பூட்டைக் கையில் வைத்திருப்பவனைக் கொன்றுவிட்டால் யார் வந்து திறப்பது?

ஆகவே த்ரெட் தானாக வெளியேற வேண்டும், அதுவரை நாம் நிற்க வேண்டும். கெர்னலின் கேத்ரெட்_ஸ்டாப் ஃபங்ஷன் இதற்குத்தான் இருக்கிறது: ஃப்ளாக்கை வைக்கும், எழுப்பும், த்ரெட் முடியும்வரை காத்திருக்கும்.

ஆனால் உங்கள் த்ரெட் தூங்கும் விதத்தையும் பாருங்கள். ‘நிற்கச் சொன்னார்களா?’ என்று பார்க்கிறது, இல்லை என்று தெரிந்து தூங்கப் போகிறது. அந்த இடைவெளியில் நீங்கள் எழுப்பினால், விழித்திருப்பவனை எழுப்பிய கணக்குதான். பிறகு அது நிம்மதியாகத் தூங்கும், ஆர்எம்மாட் தொங்கும். முதலில் ‘தூங்குகிறேன்’ என்று தன் நிலையைக் குறித்துவிட்டு, அதற்குப் பிறகே ஃப்ளாக்கைப் பார்க்க வேண்டும். நடுவில் யாராவது எழுப்பினால் நிலை மறுபடி மாறிவிடும், தூக்கம் வராது. ஒரு நிபந்தனை நிறைவேறும்வரை தூங்கவைக்கும் வெயிட்_ஈவென்ட் வகை மேக்ரோக்கள் இந்த வரிசையில்தான் செய்கின்றன. அந்த நிபந்தனையில், நிற்கச் சொன்னார்களா என்று பார்க்கும் கேத்ரெட்_ஷுட்_ஸ்டாப்பையும் சேர்க்க மறக்காதீர்கள்.

நான் ஒருமுறை மியூடெக்ஸை, அதாவது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடிக்க முடிந்த பூட்டைப் பிடித்துக்கொண்டே ஸ்டாப்பை அழைத்தேன். த்ரெட் அதே மியூடெக்ஸுக்காகக் காத்திருந்தது, நான் த்ரெட்டுக்காக. இரண்டு நாள் போச்சு.

இன்னொன்று: பிழை வந்தால் த்ரெட் முன்கூட்டியே தானாக முடிந்துவிடுமா? அப்படியானால் அதன் டாஸ்க் ஸ்ட்ரக்ட் (த்ரெட்டைப் பற்றிய கெர்னலின் பதிவு) விடுவிக்கப்படாமலிருக்க, முதலிலேயே அதற்கு ஒரு ரெஃபரன்ஸ் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் ஸ்டாப் செத்த பாயிண்டரைத் தொடும்.

உங்கள் வரிசையில் வேலையைப் போடுவது இன்டரப்ட் (சாதனம் அனுப்பும் குறுக்கீடு) என்றால், அதை நிறுத்தும் ஃப்ரீ_ஐஆர்க்யூ முதலில், த்ரெட்டை நிறுத்துவது அடுத்து. வரிசையில் மிஞ்சியதை முடிப்பதா, தூக்கிப் போடுவதா என்பது உங்கள் சாதனத்தைப் பொறுத்தது. வரிசைக்கான மெமரியை மட்டும் கடைசியில் விடுவியுங்கள்.