சட்டென்று எழுந்தால் கண் இருட்டுவது ஏன்?

படுத்திருந்து சட்டென்று எழும்போது சில நொடி கண் இருட்டுகிறதே, இதயக் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். எப்போதாவது வந்து உடனே போய்விட்டால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை.

எழுந்து நின்றதும் புவியீர்ப்பால் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைய, அழுத்தமும் இறங்கும். இதை முதலில் கண்டுபிடிப்பது மூளை இல்லை, ரத்தக்குழாயின் சுவர். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், பெருந்தமனியின் வளைவிலும், சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. விரிவு குறைந்தால் அவை மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்கு அனுப்பும் நரம்புத் துடிப்புகளும் குறையும். அந்தக் குறைவுதான் செய்தி! உடனே முகுளம் இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கிறது, ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. எல்லாம் சில நொடிகளில். அந்த இடைவெளியில் மூளைக்குப் போகும் ரத்தம் குறைவதால்தான் கண் இருட்டுகிறது.

உடலில் நீர் குறைந்திருந்தாலோ, பல நாள் படுக்கையில் கிடந்தாலோ, ரத்த அழுத்த மாத்திரை எடுத்தாலோ இந்தச் சரிசெய்தல் தடுமாறும். நீண்டநாள் சர்க்கரை நோயில் நரம்பே பழுதாகலாம். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 புள்ளி இறங்கினால் மருத்துவர்கள் அதைக் கோளாறாகவே கணக்கில் எடுப்பார்கள்.

அடிக்கடி வந்தாலோ, மயங்கி விழுந்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு அப்புறம் எழச் சொல்லுங்கள்.