கேன், குட், வுட்: இந்த முறை வந்த கேள்விகள்

கேள்வி: ‘ஐ கேன் ஏபிள் டு டிரைவ்’ சரியா?

தவறு. கேன் என்றாலே முடியும்தான், கூடவே ஏபிள் எதற்கு? ‘ஐ கேன் டிரைவ்’ அல்லது ‘ஐ ஆம் ஏபிள் டு டிரைவ்’, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். ‘குட் ஏபிள் டு’வும் தவறுதான்.

கேள்வி: ‘ஹி கேன் சிங்ஸ்’, ‘ஷி மஸ்ட் டு கோ’. எது சரி?

இரண்டுமே தவறு. எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது: மோடலுக்கு, அதாவது கேன், குட், வில், மஸ்ட் போன்ற துணை வினைச்சொல்லுக்கு, பின்னால் வெறும் வினைச்சொல்தான் வரும். எஸ் கிடையாது, டு கிடையாது. ‘ஆட் டு’ ஒன்றுதான் விதிவிலக்கு.

கேள்வி: ‘டேஷ் யூ ஹெல்ப் மீ?’ டேஷில் என்ன வரும்?

கேன், குட், வில், வுட் நான்குமே வரும். யாரிடம் கேட்கிறீர்கள், வினாத்தாளில் என்னென்ன ஆப்ஷன் இருந்தது என்று எதையும் எழுதாமல் விடையை மட்டும் கேட்டால் நான் எதைச் சொல்வது? நண்பரிடம் கேன் போதும், முன்பின் தெரியாதவரிடம் குட் அல்லது வுட். அடுத்த முறை கேள்வியை முழுசாக அனுப்புங்கள்.

கேள்வி: மஸ்ட் நாட், டோன்ட் ஹேவ் டு இரண்டும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. முதலாவது ‘கூடாது’, இரண்டாவது ‘அவசியமில்லை’. வாடிக்கையாளருக்கு ‘யூ மஸ்ட் நாட் பே நவ்’ என்று எழுதினால், பணம் கட்ட வருபவரைத் தடுக்கிறீர்கள்.

கேள்வி: எங்கள் ஆபீஸ் மெயிலில் ‘த ஆபீஸ் வுட் ரிமெய்ன் க்ளோஸ்ட் ஆன் ஃப்ரைடே’ என்று வந்தது. வில்லை விட வுட்தான் மரியாதை என்கிறார் மேனேஜர்.

மேனேஜர் சொல்வது தவறு, இந்தத் தவறு நம் ஊர் சர்க்குலர், ஸ்கூல் நோட்டீஸ், பேங்க் கடிதம் என்று ஒன்று விடாமல் பரவிக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. வுட்டில் மரியாதை வருவது எதையாவது கேட்கும்போதுதான்: ‘வுட் யூ சைன் ஹியர்?’, ‘ஐ வுட் லைக் எ ரிசீட்’. அது போக அதற்கு முக்கியமாக மூன்று வேலை. இஃப் போட்டுச் சொல்லும் கற்பனை (‘இஃப் ஐ ஹேட் மனி, ஐ வுட் பை இட்’), ஒருவர் நேற்று ‘வில்’ என்று சொன்னதை இன்று எடுத்துச் சொல்வது (‘ஹி செட் ஹி வுட் கம்’), முன்பு வழக்கமாகச் செய்துவந்தது. முடிவான செய்தி இதில் எதிலுமே சேராது, அதற்கு வில் மட்டும்தான். லண்டனில் இருக்கும் ஒருவர் உங்கள் மெயிலைப் படித்தால் ‘எது நடந்தால் மூடியிருக்கும்?’ என்று இல்லாத நிபந்தனையைத் தேடிக்கொண்டிருப்பார். ‘ஐ வுட் பி ஆன் லீவ் டுமாரோ’வும் அப்படித்தான், லீவ் எடுக்கிறீர்களா இல்லையா என்றே அவருக்குப் புரியாது. தேதி குறித்தாகிவிட்டதா, வில் போடுங்கள். ஆங்கிலம் நன்றாகவே எழுதுகிறவர்கள்கூட இங்கேதான் வழுக்குகிறார்கள்.

கேள்வி: ‘கதவைத் திறக்கட்டுமா?’ என்பதற்கு ‘வில் ஐ’யா, ‘ஷல் ஐ’யா?

ஷல் ஐ.

கேள்வி: ‘யெஸ்டர்டே ஐ குட் கெட் எ டிக்கெட்’ என்று எழுதினேன், சார் அடித்துவிட்டார். ஏன்?

அடித்தது சரிதான். ஒரு தடவை முயன்று கிடைத்ததற்கு ‘வாஸ் ஏபிள் டு’ அல்லது ‘மேனேஜ்ட் டு’. சின்ன வயதில் நீந்தத் தெரியும் என்பது போலப் பொதுவான திறமைக்குக் குட். கிடைக்கவில்லை என்றால் ‘குடின்ட்’ தாராளமாகப் போடலாம்.

கேள்வி: மஸ்ட் ஹேவ், ஷுட் ஹேவ் குழப்பம் தீரவே மாட்டேன் என்கிறது.

‘அப்பா மாத்திரை சாப்பிட்டிருக்க வேண்டும்’ என்று தமிழில் ஒரே மாதிரி சொல்வதால் வருகிற குழப்பம் இது. அட்டை காலியாகக் கிடக்கிறது, அதனால் சாப்பிட்டிருப்பார் என்று ஊகித்தால் ‘ஹி மஸ்ட் ஹேவ் டேக்கன் இட்’. மாத்திரை அப்படியே இருக்கிறது, சாப்பிடாமல் விட்டுவிட்டாரே என்றால் ‘ஹி ஷுட் ஹேவ் டேக்கன் இட்’. டாக்டரிடம் போனில் சொல்லும்போது மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். இங்கேயும் மோடலுக்குப் பின்னால் வெறும் ஹேவ்தான், ஹி வந்ததற்காக ஹேஸ் ஆகாது.