அம்மா சைவம், அப்பா அசைவம்: சனிக்கிழமை மாலைக்கு ஒரு வழி

மதுரையிலிருந்து வரும் பெற்றோரில் அம்மா முட்டைகூடத் தொடமாட்டார், அப்பாவுக்கு அசைவம் இல்லாமல் இறங்காது, இருவரையும் ஒரே உணவகத்துக்கு எப்படி அழைத்துப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே உணவகம் எதற்கு? ஒரே வட்டாரம் போதும். சென்னை பாரிமுனைக்கு வாருங்கள்.

முதலில் சௌகார்பேட்டை. என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடையின் நெய் இட்லியும் வெங்காய ஊத்தப்பமும் அம்மாவுக்கு. பொடியும் நெய்யும் ஊறிய அந்த இட்லிக்கு மதுரைக்காரர்களும் மயங்குவார்கள்! மாலையில் நெரிசல் அதிகம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் சீக்கிரமே போய்விடுங்கள்.

பிறகு பர்மா பஜார் பக்கம், கடற்கரை ரயில் நிலையத்தருகே அத்தோ. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த உணவு இது. நூடுல்ஸுடன் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள். வாழைத்தண்டு சூப்பும் உண்டு. வெங்காயம் திணித்த மசாலா முட்டையை அப்பா அவசியம் சாப்பிட வேண்டும். முட்டை புழங்கும் கை என்பதால் அம்மாவுக்கு அங்கே எதுவும் வாங்காதீர்கள்.

காரை வீட்டிலேயே விட்டுவிட்டு மின்சார ரயிலில் வாருங்கள்.