பண்ருட்டிப் பக்கம் எங்கள் முந்திரிக்காட்டுக்குள் விருந்தினர் தங்க மரத்தின் மேல் வீடு கட்டலாமா? எப்படி வடிவமைப்பது?

பட்டா நிலம் என்றால் உரிய அனுமதி வாங்கிக் கட்டலாம். காப்புக்காடு என்றால் பேச்சே இல்லை. ஆனால் வீட்டை மரத்தின் மேல் ஏற்றாதீர்கள். தூண்களில் நிறுத்தி, மரம் நடுவே புகுந்து போகிற மாதிரி செய்யுங்கள். புதுச்சேரியில் கட்டட வேலை பார்க்கிறவன் நான்; கேட்கிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

காரணம் நம் ஊர்க் காற்று. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் தானே புயல் கரையேறியபோது உங்கள் வட்டாரத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். முந்திரி தாழப் பரந்து கிளைக்கிற மரம், வீட்டைச் சுமக்காது. தோப்போரம் பழைய புளியோ நாவலோ நின்றால் அதைச் சுற்றிக் கட்டுங்கள். (புளியமரத்தில் பேய் இருக்கிறது என்றால் சென்னைக்காரர்கள் இன்னும் ஆசையாக வருவார்கள், வாடகையைக் கொஞ்சம் ஏற்றலாம்.)

மரத்தைச் சுற்றிக் கம்பியோ சங்கிலியோ இறுக்கிக் கட்டவே கூடாது. ஊஞ்சல் கம்பியை அவிழ்க்காமல் விட்ட வேப்பமரத்தைப் பாருங்கள். கம்பி பட்டைக்குள் புதைந்திருக்கும். அதற்கு மேலே உதடு மாதிரி புடைத்திருக்கும். இலை தயாரிக்கிற உணவு பட்டைக்கு உட்புறமாகத்தான் கீழே இறங்குகிறது. வழி அடைபட்டதும் அங்கேயே தேங்கிவிடும், வேர் பட்டினி கிடக்கும். எதையாவது பொருத்தியே ஆக வேண்டுமென்றால் பத்து ஆணியைவிடத் தடித்த ஒற்றை போல்ட் நல்லது, மரம் அந்தக் காயத்தைச் சுற்றி மூடிக்கொள்ளும். தென்னை, பனையில் அதுவும் வேண்டாம். அவற்றில் பட்ட காயம் மூடாது.

தளத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மரம் காற்றில் ஆடும், வருஷா வருஷம் பருக்கவும் செய்யும். மரம் திண்ணை வழியாக மட்டும் வரட்டும். கூரையைத் துளைத்தால் அந்த ஓட்டையில் ஒழுகுவதை எந்த மேஸ்திரியாலும் நிறுத்த முடியாது.

செம்மண்ணில் கரையான் அதிகம். சவுக்குக் கழியை நேராக மண்ணில் நட்டால் சீக்கிரம் இற்றுவிடும். கான்கிரீட் பீடம் போட்டு, இரும்புத் தகட்டில் தூணை நிறுத்துங்கள். உத்தரத்துக்கு வைரம் பாய்ந்த பனை போதும். சதுர மீட்டருக்கு 200 கிலோ பளு என்று கணக்குப் போடுவது வழக்கம். 3க்கு 4 மீட்டர் அறைக்கே 2,400 கிலோ ஆகிவிடும், வீட்டின் சொந்த எடை தனி. அதனால் கழிவறை, தண்ணீர்த் தொட்டி இரண்டும் கீழேயே இருக்கட்டும். 500 லிட்டர் தொட்டி நிறைந்தால் அரை டன்.

அப்புறம் முசுறு, மரத்தில் கூடு கட்டிக் கடிக்கிற சிவப்பு எறும்பு. முந்திரிக்கிளை கைப்பிடியில் உரசினால் போதும், அதன் வழியே படுக்கைவரை வரிசையாக வந்துவிடும். உரசுகிற கிளைகளை அவ்வப்போது கழியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் முன்பதிவைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சலும் புதுச்சேரி பக்கம்தான் கரையேறியது. கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் அன்றைக்கே விருந்தினரை இறக்கி, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.