ஃபயர்பாலைத் தொடுவதற்கு முன் ஓய்வைக் கணக்கிடுங்கள்

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதைப்பாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை, 2014 விதிநூலின்படி, நண்பர்களுக்கு நடத்திவருகிறேன். விசார்ட் (மந்திரவாதி), ஃபைட்டர் (போர்வீரர்), ரோக் (கள்வர்), கிளெரிக் (மதகுரு) என நால்வர் ஆடுகிறார்கள்; அனைவரும் 5ஆம் லெவலில் உள்ளனர். ஓர் அமர்வில் பெரும்பாலும் ஒரு பெரிய சண்டை நடக்கும், அது முடிந்ததும் குழு உறங்கிவிடும். விசார்டுக்குப் பலரை ஒரே வீச்சில் எரிக்கும் ஃபயர்பால் மந்திரம் கிடைத்ததிலிருந்து எல்லாச் சண்டைகளையும் அவரே முடித்துவிடுகிறார். ஃபைட்டரை ஆடுபவருக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. ஃபயர்பாலின் சேதத்தைக் குறைப்பதா, ஸ்பெல் ஸ்லாட்டுகளை, அதாவது அடுத்த உறக்கம் வரை மந்திரம் வீசக் கிடைக்கும் வாய்ப்புகளை, குறைப்பதா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். சண்டை முடிந்ததும் குழு உறங்கிவிடுகிறது என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருப்பதுதான் சிக்கலின் வேர்.

ஃபயர்பால் சற்று மிகையான மந்திரம் என்பதை மறுக்க முடியாது. புதிய மந்திரங்களை உருவாக்குவோருக்காக டன்ஜன் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) வழிகாட்டி நூல் தரும் அட்டவணை, பலரைத் தாக்கும் மூன்றாம் நிலை மந்திரத்துக்கு 6 ஆறுமுகப் பகடைகளையே பரிந்துரைக்க, ஃபயர்பாலுக்கு 8 பகடைகள் உருட்டப்படுகின்றன. ஆனால் அந்த இரண்டு பகடைகளை எடுத்துவிட்டாலும் உங்கள் மேசையில் பெரிய மாற்றம் எதுவும் நிகழாது என்பதைக் கணக்கிட்டே காட்டலாம்.

வலிமை 18 உள்ள ஃபைட்டர், கவச எண் 15 கொண்ட எதிரியைக் கிரேட்ஸ்வோர்டால் தாக்குவதாகக் கொள்வோம். நூற்றுக்கு 65 முறை அடி விழும். விழும் அடிக்குச் சராசரி 11 சேதம். ஆகவே இரண்டு அடிகள் கொண்ட ஒரு முறைக்குச் சுமார் 14. நான்கு சுற்றுச் சண்டையில், கூடுதலாக ஒரு முறை தாக்கவிடும் ஆக்‌ஷன் சர்ஜையும் சேர்த்து ஏறத்தாழ 71 வரும். ஃபயர்பாலின் சராசரி 28. நான்கு எதிரிகள் அதில் சிக்கி, இருவர் சேவிங் த்ரோ என்ற தற்காப்புப் பகடையில் தப்பிப் பாதிச் சேதம் பெற்றால் மொத்தம் 84, இரண்டு முறை வீசினால் 168. பகடைகளை ஆறாகக் குறைத்தாலும் 126 வருகிறது. ஒரே சண்டையோடு முடியும் நாளில், எப்படித் திருத்தினாலும் விசார்டே முந்துவார்.

இப்போது இரண்டு லாங் ரெஸ்டுகளுக்கு (இரவு உறக்கம்) இடையே ஆறு சண்டைகளும் இரண்டு ஷார்ட் ரெஸ்டுகளும் (சிறிய இடை ஓய்வு) அமையும் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்‌ஷன் சர்ஜ் ஒவ்வொரு ஷார்ட் ரெஸ்டிலும் மீள்வதால் மூன்று முறை கைகொடுக்கும். ஃபைட்டரின் மொத்தம் 386ஐ நெருங்கும். விசார்டிடம் மூன்றாம் நிலை ஸ்லாட்டுகள் இரண்டே. ஷார்ட் ரெஸ்டில் ஸ்லாட்டை மீட்கும் ஆர்கேன் ரிகவரியால் இன்னொன்று கிடைத்தால் மூன்று ஃபயர்பால்கள், அதாவது 252. எஞ்சிய சுற்றுகளில் பதினான்கை ஸ்லாட் தேவைப்படாத ஃபயர் போல்ட் மந்திரத்திலேயே கழித்தால் மேலும் ஒரு நூறு சேரும். கீழ்நிலை ஸ்லாட்டுகள் ஏழும் தற்காப்புக்கும் தடைகளைக் கடப்பதற்கும் மிஞ்சுகின்றன. தோராயமான கணக்குதான், ஏனெனில் நான்கு எதிரிகள் எல்லாச் சண்டைகளிலும் வசதியாக நெருங்கி நிற்க மாட்டார்கள். ஆனாலும் இருவரும் ஒரே தளத்துக்கு வந்துவிடுவதைக் காண்கிறீர்கள். மேற்சொன்ன வழிகாட்டி நூலும், குழு ஒரு நாளில் ஆறு முதல் எட்டு வரையான நடுத்தர அல்லது கடினச் சண்டைகளைத் தாங்கும் என்றே கருதி எழுதப்பட்டது.

ஒரு மாலையில் ஆறு சண்டைகளை எப்படி நடத்துவது என்று கேட்பீர்கள். நடத்த வேண்டியதில்லை. விளையாட்டுக்குள் கழியும் நாள் வேறு, நீங்கள் கூடும் மாலை வேறு. ஒரே நாள் மூன்று அமர்வுகளுக்கு நீளலாம், அமர்வின் முடிவில் மிஞ்சிய ஸ்லாட்டுகளையும் ஹிட் பாயிண்டுகளையும் (உயிர்ப்புள்ளிகளையும்) குறித்துவைத்தால் போதும். சண்டைகள் இயல்பாகவே அரிதாக வரும் பயணக் கதை என்றால், ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாட்கள் என்ற மாற்று விதி அதே நூலில் இருக்கிறது. அதில் ஒரு குறை உண்டு: 8 மணி நேரம் நீடிக்கும் மேஜ் ஆர்மர் போன்ற மந்திரங்கள் திடீரென்று மதிப்பிழந்துவிடும். ஆகவே கால அளவை மாற்றாமல், ஊர், கோயில், கோட்டை போன்ற பாதுகாப்பான இடத்தில் மட்டுமே லாங் ரெஸ்ட் பலிக்கும் என்று அறிவிப்பதையே நான் விரும்புவேன். எந்த விதியானாலும் முதலில் ஆட்டக்காரர்களிடம் பேசி ஒப்புதல் பெறுங்கள்; நடு ஆட்டத்தில் நுழைக்கப்படும் விதி விசார்டை ஆடுபவருக்குத் தண்டனையாகவே தோன்றும்.

அப்படி மாற்ற மனமில்லை என்றால், ஓய்வுக்கு விலை வையுங்கள். விசார்ட் ஸ்லாட் எதுவும் செலவழிக்காமல், சடங்காகவே டைனி ஹட் கூடாரத்தை எழுப்பி எட்டு மணி நேரம் நிம்மதியாக உறங்க முடியும். அதைத் தடைசெய்யத் தேவையில்லை. அந்த எட்டு மணி நேரத்தில் கடத்தல்காரர்கள் பிணைக்கைதிகளுடன் இடம்பெயரலாம், அல்லது கூடாரத்துக்கு வெளியே ஒரு படையே வந்து காத்திருக்கலாம்.

அடுத்து, ஏற்கெனவே எழுதப்பட்ட விதிகள் உங்கள் மேசையில் முழுமையாகப் பின்பற்றப்படுகின்றனவா என்று பாருங்கள். ஃபயர்பாலின் ஆரம் 20 அடி. கட்டங்களில் பார்த்தால் குறுக்கே எட்டுக் கட்டங்கள் வரை பரவும். எதிரிகள் ஃபைட்டரோடு கைகலந்துவிட்டால் அவரும் சேர்ந்தே வெந்துபோவார். நண்பர்களை விலக்கிச் சுடும் திறன் இவோகேஷன் பிரிவு விசார்டுக்கு மட்டுமே உரியது. எதிரிகளை ஒரே கும்பலாக நிறுத்தாமல் இரு அலைகளாக வரவிடுவதே போதுமான தடை. ஹேஸ்ட், ஹிப்னாடிக் பேட்டர்ன் போன்ற மந்திரங்களுக்குக் கான்சன்ட்ரேஷன் (இடைவிடாத கவனம்) தேவை என்பதும், அடிபடும்போதெல்லாம் உடலுறுதிச் சோதனை உருட்ட வேண்டும் என்பதும் அவசரத்தில் மறக்கப்படுபவை. ரோக்கின் வேலையைப் பறிப்பதாகச் சொல்லப்படும் நாக் மந்திரம் பூட்டைத் திறக்கும்போது எழுப்பும் சத்தம் 300 அடி தொலைவுக்குக் கேட்கும். காவலர்கள் அதைக் கேட்டு ஓடிவரட்டும்.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: எதிரிகள் எல்லோருக்கும் பிறர் மந்திரத்தை முறியடிக்கும் கவுன்டர்ஸ்பெல் கொடுப்பது. ஃபைட்டரின் சலிப்பை விசார்டுக்கு மாற்றித் தருவதைத் தவிர அதனால் பயன் எதுவுமில்லை.

இவையெல்லாம் ஏறத்தாழ 10ஆம் லெவல் வரை கைகொடுக்கும். 13ஆம் லெவலில் நொடியில் இடம்மாற்றும் டெலிபோர்ட் மந்திரம் கிடைத்த பின் வேறுபாடு சேதத்தில் இல்லை, கதையையே திருப்பும் ஆற்றலில் இருக்கிறது. அதை ஓய்வுக் கணக்கால் ஈடுகட்ட முடியாது. இதே விளையாட்டின் 1978ஆம் ஆண்டு ஆட்டக்காரர் கையேட்டில், 9ஆம் லெவலை எட்டிய ஃபைட்டர் தனக்கென ஒரு கோட்டையை நிறுவினால் படைவீரர்கள் அவரைத் தேடி வருவார்கள். உங்கள் ஃபைட்டருக்கும் அதுபோல ஒரு நிலப்பகுதியையோ படையையோ அரசவையில் ஒரு குரலையோ 9ஆம் லெவலுக்குள் கதைக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.