தம்பி போட்ட கையெழுத்தும் பக்கத்தில் நின்ற சாட்சியும்

கேள்வி: நாங்கள் தொண்டியார்பேட்டையில் வசிக்கிறோம். என் தம்பிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சி கொடுத்து வேலை வாங்கித் தரும் ஒரு மையம், மாதவரத்தில் ஒரு தனியார் கிடங்கில் பேக்கிங் வேலைக்குச் சேர்த்துவிட்டது. பதினான்கு மாதம் ஆகிறது. சம்பளம் 16,500 ரூபாய். மேற்பார்வையாளர் எதையும் வாயால்தான் சொல்வார். எழுதிக் காட்டச் சொன்னதற்கு எல்லார் முன்னிலையிலும் கேலி செய்தார். மையத்தில் மூன்று முறை முறையிட்டோம். அனுசரித்துப் போகச் சொன்னார்கள். இம்மாதம் 3ஆம் தேதி அலுவலகத்தில் ஓர் ஆங்கிலத் தாளில் தம்பியிடம் கையெழுத்து வாங்கினார்கள். வேறு பிரிவுக்கு மாற்றுவதற்கு என்று நினைத்துப் போட்டிருக்கிறான். அது 30ஆம் தேதியோடு வேலையை விட்டு விலகும் கடிதமாம். அன்று கணக்கு முடிக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். மையத்திலிருந்து வரும், சைகை மொழி தெரிந்த அக்காவும் அப்போது கூடவே இருந்து கையெழுத்துப் போட்டார். மேற்பார்வையாளர் மீதும் மையத்தின் மீதும் போலீஸில் புகார் கொடுக்கலாமா? மாற்றுத்திறனாளிகள் சட்டம் 20ஆம் பிரிவில் வழக்குப் போடலாமா?

பதில்: சகோதரி, ஆறு பக்கம் எழுதியிருந்தீர்கள், சுருக்கியிருக்கிறேன். அதில் ஐந்து பக்கம் மேற்பார்வையாளர். உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் அதை வைத்து இந்த மாதம் எதுவும் நடக்காது. வழக்கின் உயிர், கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது: மையத்து அக்காவும் கையெழுத்துப் போட்டார்.

வேலையை விட்டு நீக்கினால், ஏன் நீக்கினோம் என்று நிர்வாகம்தான் தொழிலாளர் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். தானே விலகினால் கதை தலைகீழ்: மனமொப்பிப் போட்ட கையெழுத்தல்ல என்று உங்கள் தம்பிதான் நிரூபிக்க வேண்டும். காது கேளாதவரிடம், அவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில், விளக்க ஆள் இல்லாமல் வாங்கிய கையெழுத்து என்றால் நான் தைரியமாக வாதாடுவேன். சைகை மொழி தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே நின்று சாட்சிக் கையெழுத்தும் போட்டிருந்தால்? நிர்வாகத்தின் வக்கீல் அவரைக் கூண்டில் ஏற்றி, ‘தாளில் இருந்ததை விளக்கினீர்களா?’ என்று ஒரே கேள்விதான் கேட்பார். ‘ஆமாம்’ என்று அவர் சொல்லிவிட்டால் அதன்பின் நான் என்ன பேசினாலும் எடுபடாது.

நல்லவேளையாக 30ஆம் தேதி இன்னும் வரவில்லை. இனி வரும் ஒரு தேதியில் நடப்புக்கு வரும் ராஜினாமாவை அந்தத் தேதிக்குள் திரும்பப் பெறலாம். 1978இல் உச்ச நீதிமன்றம் இப்படிச் சொன்னது ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியின் ராஜினாமா வழக்கில்; பேக்கிங் தொழிலாளிக்கும் அடிப்படை அதுதான். ராஜினாமாவை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் கொடுத்திருந்தால் நம் வாதத்தின் வலு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆகவே இன்றே, தமிழில், தம்பியின் கையெழுத்தோடு நான்கு வரி எழுதுங்கள்: 3ஆம் தேதி கையெழுத்திட்ட தாளின் பொருள் எனக்குத் தெரியாது, வேலையை விட்டு விலக எண்ணமில்லை, அதைத் திரும்பப் பெறுகிறேன், பணிக்கு வரத் தயாராக இருக்கிறேன். கேலி, கண்ணீர் எதுவும் அதில் வேண்டாம். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், விரைவுத் தபாலிலும் அனுப்புங்கள். முகவரி எழுதுமுன் அவருடைய பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஒப்பந்ததாரர் பெயர் இருந்தால் அவருக்கும் கிடங்கு நிர்வாகத்துக்கும் அனுப்ப வேண்டும்.

அதே நாளில் தனியாக இன்னொரு கடிதம். வேலை உத்தரவுகளைப் பலகையிலோ போன் செய்தியிலோ எழுத்தாகத் தர வேண்டும், ஃபோர்க்லிஃப்டில் ஒலிப்பானோடு சுழல்விளக்கும் வேண்டும் என்பது போல, தேவையானதை மட்டும் கேளுங்கள். இதுவரை நீங்கள் முறையிட்டதெல்லாம் மையத்திடம். நிர்வாகத்திடம் எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. ‘எங்களிடம் அவர் கேட்கவே இல்லையே’ என்பார்கள்; இன்றைய நிலையில் அது உண்மையும்கூட.

20ஆம் பிரிவை விடுங்கள். அது அரசு நிறுவனங்களுக்கானது; இரண்டு வாரத்தில் விசாரிக்க வேண்டிய குறைதீர் அலுவலர் பற்றிய 23ஆம் பிரிவும் அப்படியே. தனியார் விஷயத்தில் நான் பிடித்துக்கொள்வது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 3ஆம் பிரிவை. இயலாமையைக் காரணம் காட்டிப் பாகுபாடு கூடாது என்கிறது அது. தேவையான வசதியை மறுப்பதும் பாகுபாடுதான் என்று அதே சட்டத்தின் சொல்விளக்கம் சொல்கிறது. கூடவே 21ஆம் பிரிவின் கீழ் உங்கள் சமவாய்ப்புக் கொள்கை எங்கே என்று கேட்பேன். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் அந்தக் கொள்கையில் இதற்கென ஒரு தொடர்பு அலுவலர் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். பல கிடங்குகளில் இந்தக் கேள்வியைக் கேட்டதும் ஆளையாள் பார்த்துக்கொள்வார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு கொடுக்கலாம். ஆளையும் ஆவணத்தையும் வரவழைக்க அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அவர் தருவது பரிந்துரை. 30ஆம் தேதியை அவர் தடுத்து நிறுத்துவார் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

இனி நான் பயப்படுவதைச் சொல்கிறேன். பொதுப் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 92ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்று யாராவது சொல்லியிருப்பார்கள்; அதனால்தான் போலீஸைக் கேட்கிறீர்கள். பிரிவு இருப்பது உண்மை. என்னிடம் வந்தவர்களில் இந்த வழியில் போனவர்கள் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடந்தார்கள். அதற்குள் ராஜினாமா தேதி கடந்தது, கணக்கு முடிந்தது, வேலையும் போயிற்று. கேலியைப் பார்த்த சக தொழிலாளர் ஒருவரும் வந்து சாட்சி சொல்லவில்லை. அவர்களுக்கும் மறுநாள் அதே மேற்பார்வையாளரிடம்தானே வேலை.

அதைவிடப் பெரிய பள்ளம் மையத்தின் மீது புகார். மையம் முதலாளியும் அல்ல, அதிகாரியும் அல்ல. அடுத்த அணியையும் அதே கிடங்குக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பதால் அனுசரித்துப் போகச் சொன்னார்கள். வருத்தம்தான், குற்றமில்லை. இன்று அந்த அக்கா மீது புகார் கொடுத்தால் நாளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, ‘எல்லாவற்றையும் விளக்கினேன்’ என்று எழுதிக் கொடுப்பார். நிர்வாகத்துக்கு நீங்களே சாட்சி தயாரித்துக் கொடுத்த மாதிரி. இப்படி ஒரு வழக்கை நானே தோற்றிருக்கிறேன். அதனால் அவரிடம் மரியாதையாக, போனில் அல்ல, வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: அக்கா, அன்று அந்தத் தாள் என்னவென்று தம்பியிடம் சைகையில் சொன்னீர்கள்? இட மாற்றம் என்றுதான் தன்னிடமும் சொன்னார்கள் என்று அவர் பதில் போட்டால், அந்த ஒரு செய்தி உங்கள் ஆறு பக்கத்தைவிடக் கனமானது. விளக்கிச் சொன்னேன் என்றால், அதையும் வழக்குப் போடுமுன் தெரிந்துகொள்வது நல்லது.

அப்படி அவர் சொல்லிவிட்டால் சமாதானமாகப் போங்கள் என்பேன். பதினான்கு மாத வேலைக்கு ஆட்குறைப்பு இழப்பீடு என்று பார்த்தால் நிறைவான ஓராண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம். கூட ஒரு மாத நோட்டீஸ் சம்பளம். நீதிமன்றம் இதற்கு ஆண்டுக்கணக்கில் எடுக்கும். நான்கு மாதச் சம்பளமும் நல்ல அனுபவச் சான்றிதழும் தருவதாக இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். வேறு பிரிவில் வேலையைத் தொடரச் சொன்னால் இன்னும் மேல். எதுவானாலும் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் எழுதிக்கொள்ளுங்கள். கிடங்கு அலுவலகத்தில் மறுபடியும் ஒரு தாளில் கையெழுத்து வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள். பாரிமுனையில் இறங்கினால் நடக்கும் தூரம்தான்.

30ஆம் தேதி தம்பி தனியாகப் போக வேண்டாம். நீங்கள் கூடப் போங்கள். ‘முழுக் கணக்கும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று ஒரு ரசீதை நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாமல், அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.