கூட்டத்துக்கு வராத பெற்றோரை என்ன செய்வது?

கேள்வி: ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும் பெற்றோருக்குக் குழந்தை வளர்ப்புப் பயிற்சியும் தரும் சிறிய சமூக நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறேன். பிள்ளைகள் வருகிறார்கள், பெற்றோர் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டால் ஏழெட்டுப் பேர்தான், அதுவும் ஏற்கெனவே பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறவர்கள். அக்கறையே இல்லாத மற்றவர்களை எப்படி மாற்றுவது? என் சேமிப்பு கரைந்துகொண்டே வருகிறது. பெற்றோருக்கான ஆப் ஒன்று செய்தால் முதலீடு தருவதாக ஒருவர் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: தோழி, முதலில் அந்த 'அக்கறையே இல்லாத' பெற்றோர் விஷயத்தைப் பேசி முடித்துவிடுவோம், அது சரியாகாமல் ஆப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை. உங்கள் கூட்டத்துக்கு வராத அதே ஆட்கள்தான் தினமும் சாயங்காலம் பிள்ளையை உங்களிடம் அனுப்பிவைக்கிறார்கள். அக்கறை இல்லாதவர் அதைச் செய்வாரா? ஞாயிற்றுக்கிழமை வராததற்கு ஷிப்ட் வேலை, கைக்குழந்தையை விட்டுவர ஆளில்லாதது, வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாள் என்று காரணம் எத்தனையோ இருக்கும். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம் கூச்சம். படிப்பைப் பாதியில் விட்ட ஒருவரை மறுபடியும் வகுப்பறையில் உட்காரவைத்து, பிள்ளையை அடிக்காதீர்கள், செல்போன் கொடுக்காதீர்கள், தினமும் உட்கார்ந்து பேசுங்கள் என்று ஒரு டீச்சர் வரிசையாகச் சொன்னால் அடுத்த வாரம் அவர் எதற்கு வருவார்? நானாக இருந்தாலும் வரமாட்டேன்.

எனவே கூப்பிடுவதை நிறுத்துங்கள். நீங்கள் போங்கள்.

இதை வெறும் நல்லெண்ணத்தில் சொல்லவில்லை. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986-87ல் ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள், சாலி கிரந்தம்-மெக்ரெகர் என்ற மருத்துவர் தலைமையில். ஏழைக் குடும்பங்களில் வளர்ச்சி குன்றிய, இரண்டு வயதைத் தாண்டாத 129 குழந்தைகள். அதில் ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், இரண்டு வருடம் ஒரு பெண் போனார். போனவர்கள் பெரிய நிபுணர்கள் இல்லை, சாதாரண சமூக சுகாதாரப் பணியாளர்கள். வீட்டில் கிடைக்கிற பொருட்களில் செய்த பொம்மைகளை எடுத்துக்கொண்டு போய், அம்மாவும் குழந்தையும் சேர்ந்து விளையாடக் காட்டிக்கொடுத்துவிட்டு, அந்தப் பொம்மையை அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள், அடுத்த வாரம் அதை வாங்கிக்கொண்டு வேறொன்று. அவ்வளவுதான். இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, இந்த உதவி கிடைக்காதவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த முடிவு 2014ல் வெளிவந்தது. அதே ஆய்வில் சத்துணவு மட்டும் பெற்ற குழந்தைகளும் இருந்தார்கள், அவர்களிடம் இந்த நீண்டகாலப் பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். அங்கே விளையாடியது அம்மா. வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், செய்துகாட்டினார், அம்மா நன்றாகச் செய்தபோது நன்றாகச் செய்கிறீர்கள் என்று சொன்னார். நம்மில் பலர் வீட்டுக்குப் போனாலும் பிள்ளையை நம் மடியில் எடுத்துவைத்துக்கொண்டு நாமே கதை சொல்லிவிட்டு, 'பார்த்தீங்களா, இப்படித்தான் சொல்லணும்' என்று முடித்துவிட்டு வந்துவிடுகிறோம். அம்மா ஓரமாக நின்று பார்க்கிறார். நாம் கிளம்பினதும் அவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார், ஏனென்றால் கதை சொல்வது டீச்சர் வேலை என்று அப்போதுதானே நிரூபித்துவிட்டு வந்திருக்கிறோம்!

உங்கள் பிள்ளைகள் கொஞ்சம் பெரியவர்கள், அதனால் பொம்மைக்குப் பதிலாக வேறொன்று வேண்டும். வாரத்துக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவராலும் செய்ய முடிகிற வேலையாக இருக்கட்டும். பிள்ளை ஒரு பக்கத்தைச் சத்தம்போட்டு வாசிக்க, பெரியவர் கேட்டுவிட்டு 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று மட்டும் கேட்பது. சமைக்கும்போது பாத்திரங்களை எண்ணவைப்பது, அளக்கவைப்பது. தன் சின்ன வயதுச் சம்பவம் ஒன்றைச் சொல்வது, பிள்ளை அதை எழுதிக்கொண்டு வருவது. கேட்கிறவர் பாட்டியாகவோ அண்ணனாகவோ இருந்தால் இன்னும் நல்லது, வேலைக்குப் போய்விட்டு இரவு வருகிற அப்பாவிடமும் இதைக் கேட்கலாம், ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. அடிப்பது, திட்டுவது பற்றியெல்லாம் முதல் சில மாதங்கள் வாயே திறக்காதீர்கள் (பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் ஒழிய). நம்பிக்கை வந்தபின் அவர்களாகவே அந்தப் பேச்சை எடுப்பார்கள்.

வீட்டுக்குப் போகிறவர் அதே பகுதியில் இருப்பவராக, முடிந்தால் உங்களிடம் படித்த ஒரு பிள்ளையின் அம்மாவாக இருக்க வேண்டும். கட்டாயம் சம்பளம் கொடுங்கள். 'தொண்டு' என்று சொல்லி ஏழைப் பெண்களை இலவசமாக வேலை வாங்குகிற வழக்கம் இந்தத் துறையில் நிறைய இருக்கிறது, எனக்கு அது பிடிக்காது, தவிர அப்படி வருபவர்கள் சில மாதங்களில் நின்றும் விடுவார்கள்.

மாலை வகுப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு சந்தேகம். பள்ளிப் பாடத்தையே திரும்பவும் நடத்துகிறீர்களா? அப்படியென்றால் அதையும் மாற்றிப் பாருங்கள். 1990களின் நடுவில் மும்பையின் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய பிரதம் அமைப்பு கண்டுகொண்ட விஷயம் இது: ஐந்தாம் வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புப் பாடம் புரியும் என்று நினைத்து நடத்துவதில்தான் கோளாறே. எழுத்து, சொல், பத்தி, கதை என்று ஒரே தாளில் வாசிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, வயதையும் வகுப்பையும் விட்டுவிட்டு வாசிக்கும் நிலைப்படி குழு பிரித்தார்கள். இந்த முறையைச் சோதித்துப் பார்த்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் உண்டு, 2019ல் மைக்கேல் கிரெமருடன் பொருளாதார நோபல் பெற்றவர்கள். உங்களுக்கு இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அந்தத் தாளைப் பெற்றோர் கண்முன்னே பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். மதிப்பெண் அட்டை புரியாதவருக்கும் போன மாதம் தடுமாறிய பிள்ளை இந்த மாதம் வாசிக்கிறது என்பது காதில் கேட்கும்.

சரி, ஆப். என் பதில் இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான். கருவியைக் கொடுத்தால் படிப்பு தானாக வரும் என்று நம்பிப் பெரிய பெரிய அரசாங்கங்களே சூடு பட்டிருக்கின்றன. பெரு நாட்டில் 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தை நாடளாவி நடத்தினார்கள், பிறகு கிராமப் பள்ளிகளில் மதிப்பிட்டுப் பார்த்தபோது கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. கென்யாவில் கிரெமர் குழுவினர் பாடப்புத்தகம் கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் பயனடைந்தார்கள். புத்தகம் ஆங்கிலத்தில், பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி! உங்கள் ஆப்புக்கும் இதேதான் நடக்கும்: ஞாயிற்றுக்கிழமை வருகிற அந்த ஏழெட்டுப் பேர் டவுன்லோடு செய்வார்கள். வீட்டுக்குப் போய்ப் பழகியபிறகு, இடைப்பட்ட நாட்களில் நினைவூட்ட ஒரு குரல் பதிவு அனுப்புவதற்கு செல்போனைப் பயன்படுத்துங்கள், அதற்கு ஆப் எதற்கு?

பணம்தான் கஷ்டமான பகுதி. காசு உள்ளவரிடம் வாங்கி இல்லாதவருக்கு இலவசமாகச் செய்வது சமூகத் தொழில்முனைவில் பலரும் சொல்லும் வழி, அரவிந்த் கண் மருத்துவமனை அதை நடத்திக்காட்டியும் இருக்கிறது. ஆனால் கண்புரை ஆபரேஷன் காசு கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் ஒன்றுதான். உங்கள் வேலை அப்படி இல்லை. கட்டணம் கொடுக்கும் பெற்றோர் ஆங்கிலப் பேச்சு, தேர்வுப் பயிற்சி என்று கேட்பார்கள், நீங்களும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் சாய்வீர்கள், சில வருடங்களில் உங்கள் நிறுவனம் நல்ல டியூஷன் சென்டராக மாறியிருக்கும். அதில் தப்பில்லை, அதற்காகத்தான் வேலையை விட்டீர்களா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். பணம் தர வேண்டியது பள்ளிகள், உள்ளாட்சி, பிள்ளைகளின் பெற்றோர் வேலை பார்க்கும் நிறுவனங்கள். அவர்களிடம் போக, மேலே சொன்ன வாசிப்புத் தாள் கணக்கு ஒரு வருடத்துக்காவது கையில் இருக்க வேண்டும். எத்தனை கூட்டம் போட்டோம், எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கைக் காட்டினால் யாரும் மசியமாட்டார்கள்.

அதுவரை உங்கள் சேமிப்பில் எவ்வளவு போகலாம் என்று ஒரு தொகையை இன்றே குறித்து, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லிவையுங்கள். அதைத் தொட்டுவிட்டால் பகுதி நேர வேலைக்குப் போங்கள், மாலை வகுப்பு அப்படியே நடக்கும். முதலீடு தருவதாகச் சொன்னவரிடம், ஆப் வேண்டாம், வீடுகளுக்குப் போகிற நாலு பேருக்கு ஒரு வருடச் சம்பளம் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியும் என்றால் உட்கார்ந்து பேசலாம். முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.